தேங்க்ஸ் மைனி

‘அது வாசல்ல நிக்கவன் சொல்லுத வார்த்தைலே ஆவுடை. உள்ள வந்துட்டவன்…’ உள்ளே வந்துவிட்டவன் என்ன? சொல்ல மாட்டான் என்றா, சொல்லக் கூடாது என்றா, சொல்லத் தேவையில்லை என்றா? அப்பா ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் முடித்தார். அவர் வாயில் மோர்ச்சோறு இருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. ஊறுகாய்க்குப் போன விரல் பாதியில் நின்றது, அதுவும் ஞாபகம் இருக்கிறது. வாக்கியத்தின் மறுபாதியை மட்டும் காணோம். திருநெல்வேலியில் பஸ் ஏறியதிலிருந்து ஆவுடையப்பன் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான், பல் இடுக்கில் சிக்கிய நாரை நாக்கு தேடுவதுபோல. காலேஜ் விடுதிக்குப் போன முதல் மாதம் வீட்டுக்கு ஒரு கார்டு போட்டிருந்தான், இங்கிலீஷில். புது இங்கிலீஷ், மினுமினுப்பு போகாத இங்கிலீஷ். அனுப்பிய பலகாரம் வந்து சேர்ந்தது என்று எழுதிவிட்டு, கடைசியில் ‘தேங்கிங் யூ’ போட்டுக் கையெழுத்து. அப்பாவுக்கு அந்த வார்த்தை புதிதல்ல. கோர்ட்டுக்கு எதிரே டைப் மிஷினை வைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட மனுவை அடித்தவர் அவர். கிணற்றுத் தகராறோ, பட்டா மாறுதலோ, எந்த மனுவாக இருந்தாலும் கடைசியில் தேங்கிங் யூ. கலெக்டருக்கு, தாசில்தாருக்கு, முன்பின் பார்த்திராத துரைகளுக்கு. அதே வார்த்தை மகன் கையெழுத்தில் தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்த மனுஷருக்கு என்னவோ ஆகியிருக்கிறது. லீவுக்கு வந்தவனைச் சாப்பாட்டில் உட்காரவைத்துக் கேட்டார். ‘நான் என்னலே தாசில்தாரா?’ என்றார் முதலில். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அப்புறம்தான் அந்த வாசல், அந்த உள்ளே வந்துட்டவன்.

“சார், எங்க?” கண்டக்டர் தோளைத் தட்டினார். “அம்பாசமுத்திரம் ஒண்ணு.” டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். “தேங்க்ஸ்” என்றது வாய். இவன் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. கண்டக்டர் அடுத்த ஆளிடம் போகாமல் நின்று இவனை மேலும் கீழும் பார்த்தார். “எதுக்கு சார் தேங்க்ஸு? டிக்கெட்டு தந்ததுக்கா? தராம விட்டா செக்கிங்ல எனக்குல்லா சீட்டு கிழியும்!” பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். “சார் வெளியூரா?” “இல்ல, இந்த ஊர்தான். அம்பை.” “அம்பையா?” என்று நம்பாமல் கேட்டுவிட்டு அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். இங்கிலாந்தில், இவன் வருஷக்கணக்காக இருந்த லீட்ஸில், பஸ் ஓட்டுகிறவனுக்கு எல்லாரும் தேங்க்ஸ் சொல்லித்தான் இறங்குவார்கள், வரிசையாக, கோயிலில் மணியடித்துவிட்டு நகர்வதுபோல. கதவைப் பிடித்துக்கொண்டவனுக்குத் தேங்க்ஸ், மிச்சக் காசு தந்தவளுக்குத் தேங்க்ஸ், ‘உன் விண்ணப்பத்தை ஏற்க முடியாது’ என்று சொன்னவனுக்கும் தேங்க்ஸ். அங்கே அது வார்த்தையே அல்ல, தும்மல் மாதிரி ஒன்று. அந்தத் தும்மல் இவனுக்கு எப்போது தொற்றியது? போன புதிதில் இவன் சொல்லாமல் நின்ற இடங்களில் அவர்கள் முகம் லேசாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்து பழகியது. இங்கே சொல்லிவிட்டுப் பார்த்தால் அதே சுருக்கம். எந்தக் கரையில் நின்றாலும் முகம் சுருங்குகிறது. மைனி முகம்தான் சுருங்கவில்லை. அண்ணன் பெண்டாட்டி செண்பகத்தின் முகம் அன்றைக்குச் சுருங்கவே இல்லை. அடுப்பில் வைத்த பால் திடீரென்று அடங்குமே, அதுபோல அடங்கிப் போயிற்று.

பொன்னாடையை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தான். நினைத்தாயிற்று. அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம். தேவாரம் பாடிய ஓதுவார் மைக்கை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவப் போயிருந்தார். அந்த மைக் மட்டும் அங்கே இல்லாதிருந்தால். இல்லை, மைக்கைக் குறை சொல்லக் கூடாது, பொன்னாடையை முதல் நாளே டவுனில் வாங்கிப் பைக்குள் வைத்திருந்தவன் இவன்தானே. அங்கே லீட்ஸில் சாவு வீட்டில் எழுந்து நின்று, நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு எல்லார் முன்னிலையிலும் தேங்க்ஸ் சொல்வார்கள், சொல்லாவிட்டால்தான் தவறு. இங்கே கூட்டத்தில் ஒருத்தரைக் கௌரவிக்க வேண்டுமென்றால் பொன்னாடை. இரண்டு ஊர் மரியாதையையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்தால் இரட்டிப்பாக இருக்கும் என்று எந்த மூளை சொல்லிற்று? பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை வருஷக்கணக்கில் தூக்கி, துடைத்து, ஊட்டி, திட்டி, சிரிக்கவைத்து, கடைசி மூச்சு வரைக்கும் வைத்துக்கொண்டிருந்தவள் அவள். வாய் பேச வராத அப்பா பசித்தால் கட்டிலைத் தட்டுவார். “மாமா, செத்த பொறுங்க! எனக்கென்ன நாலு கையா இருக்கு?” என்று அடுக்களையிலிருந்து அவள் கத்துவாள். அப்பா கோணிய வாயால் சிரிப்பார், மறுபடியும் தட்டுவார். வீடியோவில் இவன் பார்த்துக்கொண்டிருப்பான், மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு. முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும், “தேங்க்ஸ் மைனி.” அவள், “வைலே போன, சோறு ஆறுது ஒனக்கு” என்பாள். ஒவ்வொரு தடவையும். அந்தப் பதில் போதாதா, அதற்குள்ளேயே எல்லாம் இருந்ததே. அது புரியாமல் மைக்கைப் பிடித்துச் சொன்னான்: “எங்க குடும்பத்தின் சார்பா, எங்க மைனிக்கு நன்றி தெரிவிச்சுக்கிடுதேன்.” எங்க குடும்பம். அப்படியானால் அவள் யார்? நர்ஸா? மூத்த அத்தை ஒருத்தி பொன்னாடையை வாங்கிப் போர்த்த, பந்தலுக்குள் ஒரு சித்தப்பா பக்கத்து ஆளிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. “என்னய்யா இது, ரிட்டயர்மெண்டு பார்ட்டி கணக்கா?” ஒலிபெருக்கியில் போயிற்று. தெருவுக்கே போயிற்று. மைனி பொன்னாடையை எடுத்து, ஓரம் பார்த்து, நாலாக மடித்து, அடுக்களைக்குள் போனாள்.

முன்னீர்பள்ளம் தாண்டியது, வயல் வந்தது, வயல் போயிற்று. ஜன்னல் கம்பியில் துருவின் வாசனை. ஊர் எல்லையில் பஞ்சாயத்து வைத்த பலகை, உள்ளே வருகிறவனுக்கு ஒரு பக்கம் ‘வருக’, வெளியே போகிறவனுக்கு மறுபக்கம் ‘நன்றி’. போகிற வழியெல்லாம் அப்படித்தான். ஊருக்கு வெளியே கால் வைக்கும்போதுதான் நன்றி. இதை ஏன் இத்தனை காலம் கவனிக்கவில்லை? ஊர்க்காரன் யாரும் அந்தப் பலகையைப் படிப்பதில்லை, படிக்கிறவன் ஊர்க்காரன் இல்லை. லீட்ஸில் கட்டிய பெண்டாட்டி மேரியன் கூடக் கடைசியில் அதைத்தான் சொன்னாள். வக்கீல் கையெழுத்தெல்லாம் முடிந்து, தன் கடைசிப் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, மழையில் நின்று, “எல்லாத்துக்கும் தேங்க்ஸ்” என்றாள். பத்துப் பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தவள். சண்டை போட்ட நாளில் அவள் தேங்க்ஸ் சொன்னதில்லை, சமாதானமான நாளிலும் சொன்னதில்லை. முடித்துவைத்த அன்றைக்குத்தான் சொன்னாள். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது, அது எப்போதும் வெளிப்பக்கமாகத்தான் திறக்கிறது. இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது, கோர்ட்டு வாசலைத் தாண்டாத மனுஷருக்கு? உள்ள வந்துட்டவன் என்ன செய்வான் அப்பா? நீங்கள் படுக்கையில் விழுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம். வாய் வராமல் போனபின் கேட்க வெட்கமாக இருந்தது.

“அண்ணே, இதக் கொஞ்சம் புடிங்க.” ‘இது’ என்றால் பை என்று நினைத்துக் கையை நீட்டினான். பச்சைப் பிள்ளை! மேலச்செவலில் ஏறிய கூட்டத்தில் ஒரு பெண், இடுப்பில் பை, தோளில் பை, கையில் வாழைப்பூ, பிள்ளையை இவன் மடியில் போட்டுவிட்டு இன்னும் உள்ளே தள்ளப்பட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அவன் யார், என்ன ஆள், கை சுத்தமா, ஒன்றும் கேட்கவில்லை. உட்கார இடம் கிடைத்தவனுக்கு ஒரு மடி இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. பெண் குழந்தை, பொட்டுக் கறுப்பு கன்னத்தில் இழுபட்டு, வாய் திறந்து தூங்கியது. எச்சில் இவனுடைய பட்டுச்சட்டையில் ஒழுகியது, நிச்சயதார்த்தத்துக்கென்று எடுத்த சட்டை. அங்கே யாராவது ஒரு பிள்ளையை இப்படி அந்நியன் கையில் கொடுப்பார்களா? கொடுத்தால் எத்தனை தேங்க்ஸ் சொல்லியிருப்பார்கள்! சிரிப்பு வந்தது, உடனே பயம் வந்தது. கழுத்தை எப்படிப் பிடிப்பது? மூச்சு விடுகிறதா? விடுகிறது. வாய்வைத்த இடம் சூடாக இருந்தது.

பிருந்தாவை இவன் இப்படிப் பிடித்ததே இல்லை. அண்ணன் மகள் பிறந்த வருஷம் இவன் வெளிநாடு போக விசாவுக்கு ஓடிக்கொண்டிருந்தான். இன்றைக்கு அவளுக்கு நிச்சயம். சித்தப்பன் என்கிறவன் முந்தின ராத்திரியே போய் வாழைமரம் கட்டியிருக்க வேண்டும், சமையல்காரனோடு சண்டை போட்டிருக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று கைகூப்பி உள்ளே அழைத்திருக்க வேண்டும். இவனுக்கோ அழைப்பு வந்தது! அதுதான் விஷயம். பாளையங்கோட்டையில் இவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு அண்ணனும் மைனியும் தாம்பாளத்தோடு வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. சோபா நுனியில் உட்கார்ந்தார்கள். சொந்தத் தம்பிக்கு எந்த ஊரில் பத்திரிகை வைக்கிறார்கள்? “நீங்க அவசியம் வந்து நடத்தித் தரணும்” என்றாள் மைனி. நீங்க. பதினைந்து வயதில் இவன் அரைக்கால் சட்டையோடு நின்றபோது அந்த வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து ஏல, வால, போல என்றுதான் கூப்பிட்டாள். பதினாறாம் நாளிலிருந்து நீங்க. வீட்டுக்குப் போனால் காப்பி எவர்சில்வர் தம்ளரில் வராது, சாசரோடு கப்பில் வரும், விருந்தாளிக்கு வருகிற கப். அவள் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். மரியாதை கொடுத்தாள். இவன் தெருவுக்கே கேட்கும்படி கொடுத்ததை அவள் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கியபோது என்ன சொன்னான்? சொல்லித் தொலைத்தான். “தேங்க்ஸ் மைனி.” அண்ணன் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தான். அவள், “இருக்கட்டும்” என்றாள். எது இருக்கட்டும்?

அண்ணன் சங்கரலிங்கம் ஒரு நாள் போனில் சிரித்தான். “ஆவுடை, நீ குடுத்த பொன்னாடைய என்ன பண்ணுதா தெரியுமா ஒங்க மைனி? அத வச்சுத்தான் சோத்துப்பானைய எறக்குதா. கை சுடலன்னு ஒரே பெருமை!” அன்றைக்கு ராத்திரி முழுக்க அதையே புரட்டினான். கரித்துணி. அவமானமா அது? அல்லது போர்த்திக்கொள்ள முடியாத ஒன்றை வீட்டுச் சாமானாக ஆக்கிக்கொண்டாளா? அவமானப்படுத்த நினைத்தவள் பரணில் போட்டிருப்பாள், தானம் கொடுத்திருப்பாள். தினமும் கையில் எடுக்கிறாள் என்றால்? தினமும் கையில் எடுத்துக் கரியாக்குகிறாள் என்றால்? தொழில்புத்தி, எல்லாவற்றையும் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்ப்பது. லீட்ஸ் ஆஸ்பத்திரிகளில் துபாஷி வேலை, ஒருவர் பேச்சை மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வது. தமிழாளுக்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அங்கே ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவர், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அந்தச் சின்ன டாக்டரம்மா சொன்னதை இவன் வாயால் கேட்டுவிட்டு, அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார், “சாப்பிட்டனீங்களே பிள்ளை?” மத்தியானம் தாண்டியிருந்தது. அந்தப் பெண் நிஜமாகவே சாப்பிடவில்லை, உதடு காய்ந்திருந்தது. டாக்டர் இவனைப் பார்த்தாள். இவன், “தேங்க்ஸ் சொல்கிறார்” என்றான். அதைவிடப் பெரிய பொய் எதையும் அந்த வேலையில் சொன்னதில்லை. இல்லை, பொய்யா அது? அவளுக்குப் புரியும் காசாக மாற்றிக் கொடுத்தான், அவ்வளவுதான். மாற்றிக் கொடுத்து மாற்றிக் கொடுத்து, தன் கையில் மூல நாணயம் எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று. அந்தக் கிழவருக்குத் தெரிந்திருந்தது, உள்ளே வந்துவிட்டவன் என்ன செய்வான் என்று.

போகக் கூடாது. பத்தமடையில் கூட்டம் இறங்கி ஏறியபோது திடமாகத் தோன்றிவிட்டது. போய் எங்கே உட்காருவது? முன்வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக ஒரு பெண் நிற்பாள், சந்தனம் தடவிக்கொண்டு துணி போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார வேண்டும், மாப்பிள்ளை வீட்டாரோடு, மற்ற விருந்தாளிகளோடு. “நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?” என்று பக்கத்து நாற்காலி கேட்கும். சித்தப்பா என்றால், “அப்பம் ஏன் இங்கன உக்காந்திருக்கீக?” என்று கேட்கும். அல்லது மைனியைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அன்னைக்கு நான் செஞ்சது தப்பு, சாரி’ என்று சொல்லிவிடுவதா? வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருந்தான். சாரி யார்? தேங்க்ஸுக்கு உடன்பிறந்தவள்தானே, அவளும் வாசலில் நிற்கிறவள்தான். அதைச் சொன்னால் மைனி, ‘அதனால என்ன, பரவால்ல, நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும்’ என்பாள். அதோடு எல்லாம் முடிந்துபோகும், சுத்தமாக, ரசீது கொடுத்ததுபோல. சேரன்மகாதேவியில் இறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். ஆறு மாதத்தில் வீட்டைக் காலிசெய்து மறுபடி லீட்ஸுக்கே போய்விடலாம், அங்கே இந்த வார்த்தைக்கு யாரும் நின்று பார்க்கப் போவதில்லை. இந்த ஊருக்கு எதற்காகத் திரும்பி வந்தான்? அம்பையில் ஒரு வீடு இருக்கிறது, அதில் தன்னை ஏல என்று கூப்பிட ஒருத்தி இருக்கிறாள் என்றுதானே. வேறு யாரும் இல்லை, எண்ணிப் பார்த்தால் வேறு யாருமே இல்லை. அதுவும் போனால் அம்பையென்ன, லீட்ஸென்ன.

சேரன்மகாதேவி வந்தது. எழுந்தான், எழ முடியவில்லை, மடியில் பிள்ளை. “ஏம்மா, பிள்ளைக்காரம்மா!” என்று பின்னால் திரும்பிக் கூப்பிட்டான். ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “என்ன சார், எறங்கணுமா? அம்பைக்குல்லா டிக்கெட்டு எடுத்தீக?” “ஆமா, இல்ல, எறங்கலாம்னு…” “பிள்ளைய யாருகிட்ட குடுத்துட்டு எறங்கப் போறீக, என்கிட்டயா? நான் விசிலு ஊதவா, தொட்டில் ஆட்டவா? உக்காருங்க சார்.” விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. எதிர்ப் பஸ் காலியாக நின்றது, ஜன்னல் ஜன்னலாகக் கடந்து போயிற்று. பிள்ளை தூக்கத்திலேயே இவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது, பிடிக்கிறோம் என்று தெரியாமல் பிடிக்கிற பிடி. விடுவிக்கப் பயமாக இருந்தது. கன்னடியன் கால்வாய் ரோட்டோடு கூட வந்தது, தண்ணீர் நிறையப் போயிற்று. தொடை மரத்துப்போயிற்று. மரத்துப்போன தொடையை அசைக்காமல் வைத்திருப்பதில் மூளை கொஞ்ச நேரம் வேறெதையும் நினைக்கவில்லை.

வீரவநல்லூரில் அந்தப் பெண் முட்டிமோதி முன்னால் வந்தாள். குனிந்து பிள்ளையை அள்ளினாள். “முழிச்சு அழுதாளா?” “இல்ல, நல்லாத் தூங்கினா.” பிள்ளையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். “ஏண்ணே, தலைக்குக் கொஞ்சம் கைய அண்டக் குடுக்கப்படாது? கழுத்து சாஞ்சே கெடந்திருக்கு, பாருங்க, செவந்துட்டு!” கோபமாகத்தான் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டுவதுபோல. “தெரியலம்மா” என்றான். “பிள்ள தூக்கத் தெரியாதாக்கும்! சரி, அந்த வாழப்பூவ எடுத்துத் தாங்க, காலடில உருண்டுட்டு.” குனிந்து எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. இவன் நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து நின்றது, அவளுக்குச் சொல்ல. எதற்கு? மடி ஈரமாக இருந்தது, காற்று பட்டுக் குளிர்ந்தது. ‘கைய அண்டக் குடுக்கப்படாது?’ ‘எனக்கென்ன நாலு கையா இருக்கு?’ ‘வைலே போன, சோறு ஆறுது.’ அப்பா மறுபடியும் மறுபடியும் கட்டிலைத் தட்டினாரே, பசித்தா தட்டினார் அத்தனை தடவையும்? அவள் கத்துவதற்காகவும் தட்டியிருப்பார். கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டோடு ஒருவன் ஏறினான். ஆற்றுப் பாலம் வந்தது, தாமிரபரணி வந்தது, பாறைகளுக்கு நடுவே யாரோ சேலையை விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். ‘உள்ள வந்துட்டவன்…’ அப்பா மோர்ச்சோற்றை விழுங்கினார். அதற்குப் பிறகு தட்டை அம்மா பக்கம் நகர்த்தினார், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி. அது சரியாக ஞாபகம் வந்தது. வார்த்தை வரவில்லை, தட்டு நகர்ந்தது வந்தது.

அண்ணன் வீட்டுத் தெருவில் வாழைமரம் கட்டியிருந்தது, சற்றுக் கோணலாக. முன்வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு ஒரு பெண் நின்றாள். நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அண்ணன் யாரையோ கும்பிட்டுக்கொண்டிருந்தவன் இவனைப் பார்த்துவிட்டு, கும்பிடுவதா வேண்டாமா என்று கையைப் பாதியில் வைத்திருந்தான். ஆவுடையப்பன் வாசலில் நிற்கவில்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்து, பின்கட்டு நடையில் செருப்பைக் கழற்றினான். விறகடுப்புப் புகையில் மைனி முதுகைக் காட்டிக் குனிந்து, சரிகை ஓரம் கரிபிடித்த துணியால் அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “யாரது, வெளிச்சத்த மறிச்சுக்கிட்டு?” என்றாள் திரும்பாமல். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்ததில் எதையும் அவன் சொல்லவில்லை. “மைனி, பசிக்கு. திங்க என்ன இருக்கு?” என்று கேட்டான்.